திருகாணி நுழையாத ராஜ்ஜியம்

"நல்லாக் கேட்டுக்கோ மச்சான். என் ராஜ்ஜியத்துக்குள்ள ஒரு திருகாணி கூட நுழையாது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நுழையாது. நுழைஞ்சா அன்னைக்கே கதை சொல்றதை விட்டுடறேன்!"

இப்படி முழங்கிய மன்னர் தலையில் கிரீடம் இல்லை. மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பிதான் இருந்தது. வேலையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவர் அதைக் கழற்ற மறந்துவிட்டார். வலது கையில் பாதி கடித்த பிஸ்கட். அதை வாள்போல நீட்டியதில் மீதிப் பாதி தேநீரில் விழுந்து மூழ்கியது. ஆனாலும் அந்தச் சொற்களின் கம்பீரத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன நடக்கும் என்று மேஜையைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தூக்குக்குண்டு'. நேர்க்கோடு பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் அந்தப் பித்தளைக் குண்டைத்தான் சொல்கிறார்கள். அது வளையாது, சிரிக்காது, யாருக்காகவும் ஓர் அங்குலம் தள்ளி நிற்காது. காற்றடித்தால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். பெயர் வைத்தவன் பெரிய ஞானி. அவர் சரிபார்த்த லிஃப்ட் எந்த மாடியிலும் தரைக்கு மேலேயோ கீழேயோ ஒரு நகக்கண் அளவுகூட நிற்காது. அவர் சரிபார்த்த சிரிப்பும் அப்படித்தான்; உதட்டுக்கு மேலே ஏறவே ஏறாது.

வாரம் முழுக்க அவர் வாழ்க்கை மோட்டார் அறையிலும் இருட்டுக் குழியிலும் கழிந்தது. கிரீஸ் வாசனை, கம்பி வடம், எதிர் எடை, திருகாணி, மறுபடியும் திருகாணி. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள், புவியீர்ப்பு விசையை அவர்தான் கண்டுபிடித்துக் கட்டடத்தில் பொருத்தினார் என்பதுபோல, கதவுக்கு உள்ளேயிருந்து திட்டுவார்கள். அவர் பதில் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வார்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்ததும் அது ராஜ்ஜியமாகிவிடும். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கறேன்", "நான் ஓடிடறேன்" என்று சொல்வார்கள். திறந்ததா, தப்பித்தாரா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். இருபது விழுந்தால் வீரம். ஒன்று விழுந்தால் விதி. வளர்ந்த மனிதர்கள் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்கள், வளர்ந்த மனிதர்கள் வாரத்தின் மற்ற நாட்களில் செய்வதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கலாம்.

கதை சொல்வது தூக்குக்குண்டுதான். ஆறுகளும் குகைகளும் மந்திரவாதிகளும் நிறைந்த அந்த ராஜ்ஜியத்தை அவர் பல வருஷமாகக் கட்டி வந்தார். அதில் ஒரு டிராகன் உண்டு. அதன் செதில்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும். ராஜ்ஜியத்துக்கு மேலே, யாரும் பார்த்திராத 'மேலிருப்பவர்' என்றொரு கடவுள் உண்டு. அவர் பேச வேண்டிய கட்டங்களில் தூக்குக்குண்டு காலி பிஸ்கட் டின்னை வாயருகே வைத்து, குரலைக் கனமாக்கிக்கொள்வார்.

எந்திரம் என்று எதுவும் அங்கே கிடையாது. ஒருமுறை கீழ்வீட்டு டிரைவிங் ஸ்கூல் டீச்சர், "அண்ணே, அரண்மனைக் கதவுக்குக் கீல் இருக்குன்னீங்களே. கீலை மாட்டத் திருகாணி வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். அன்றைய போர் ஒத்திவைக்கப்பட்டது. மாலைவரை யோசித்த மன்னர், "மர ஆணி" என்று தீர்ப்பளித்தார். அதோடு எல்லாக் கதவுகளும் மர ஆணிக்கு மாற்றப்பட்டன. எதிரிப் படை அதுவரை வெளியே காத்திருந்தது.

பிரஜைகள் மூவர். மேற்படி டிரைவிங் டீச்சர், ராஜ்ஜியத்தில் முழங்கால்வரை தாடி வளர்த்த கிழட்டு மந்திரவாதி. மனைவியின் தம்பி, வெளியே டிரை கிளீனிங் கடைக்காரன், உள்ளே கவசம் போட்ட வீரன். மூன்றாவது, மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் மூக்குக் கண்ணாடிகளின் கடுகளவுத் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருப்பவள். ராஜ்ஜியத்தில் அவள் வில்லாளி. அவள் அம்பு விட்டால் பறக்கிற குருவியின் நிழல்கூடத் தப்பாது.

தப்பாது என்றா சொன்னோம்? ஒரு ஞாயிறு, டிராகனின் குகையில் அவள் உருட்டிய பகடையில் ஒன்று விழுந்தது. டிராகன் அவளுடைய இடது கையை மணிக்கட்டோடு கவ்விக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவளே சிரித்தாள். அடுத்த வாரம் சிரிப்பு இல்லை.

"ஏதாவது மந்திரம் போட்டு வளர வெச்சுடலாமே?" என்றாள்.

"வெட்டுப்பட்ட கை வளரும்னா, அப்புறம் டிராகனுக்கு யார் பயப்படுவா?"

"மரக்கையாவது?"

"மரக்கை வில்லைப் பிடிக்காது. பகடை விழுந்தா விழுந்ததுதான். சட்டம்."

பகடை விஷயத்தில் அவர் மனைவிக்கும் சலுகை காட்டாதவர் என்று டிரைவிங் டீச்சரே பாராட்டினார். தூக்குக்குண்டு பெருமையில் லேசாக ஆடினார்.

அன்றிலிருந்து வில்லாளிக்கு விளக்குப் பிடிக்கிற வேலை. குகைக்குள் போனால் விளக்கு. காட்டுக்குள் போனால் விளக்கு. பட்டப்பகலில் அரண்மனைக்குள் நுழைந்தாலும், வேறு வேலை இல்லாததால், விளக்கு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போடாத மனைவி சம்மதித்துவிட்டாள் என்று கணக்குப் போடும் கணவர்களின் நீண்ட வரிசையில் அவரும் போய் நின்றுகொண்டார்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மைத்துனன் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அத்தான், ஒரு யோசனை. நம்ம ராஜ்ஜியம் மொத்தமும் ஒரு பெரிய விண்கப்பலோட வயித்துக்குள்ள இருக்குன்னு வெச்சா எப்படி இருக்கும்? நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போயிட்டிருக்கு. உள்ள இருக்கிற நமக்கு அது தெரியாது."

"கப்பலா?"

"ஆமாத்தான். மந்திரமும் இருக்கும், மெஷினும் இருக்கும். ரெண்டையும் கலந்துடலாம்."

"வெள்ளைத் துணியையும் சாயத் துணியையும் ஒண்ணா ஊறப்போடுவியாடா நீ?"

அதைத் தொடர்ந்து வந்ததுதான் மேலே சொன்ன திருகாணிச் சபதம். மைத்துனன் தலையாட்டினான். பேச்சு அத்தோடு முடிந்தது என்று மன்னர் நினைத்தார். மன்னர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

சில மாதம் போனது. ஒரு ஞாயிறு, ஆற்றங்கரையில் ஓநாய்க் கூட்டம். வீரன் விழுந்துவிட்டான். கிழட்டு மந்திரவாதிக்கு மந்திரம் தீர்ந்துவிட்டது. தலைவன் ஓநாய் பாய்கிறது. மேஜையே மூச்சை அடக்கியிருக்க, மனைவி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"வில்லைத் தூக்கிட்டேன்! நாணை இழுத்து..."

"எந்தக் கையால?" என்றார் அவர்.

மைத்துனன் கூரையில் ஏதோ படிக்கத் தொடங்கினான். டிரைவிங் டீச்சரின் வலது கால் மேஜைக்கு அடியில் தன்னால் பிரேக்கைத் தேடி மிதித்தது.

"மறந்துட்டேன்" என்றாள் மனைவி.

"கையையா?"

"கை இல்லைங்கிறதை." உட்கார்ந்துகொண்டாள். "சரி, விளக்கைப் பிடிச்சுக்கறேன்."

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் தூக்குக்குண்டுக்கு ஓநாய்கள் சுவைக்கவில்லை. கீழே நின்றபடியே, மேலே வடத்தில் ஓர் இழை அறுந்திருப்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்லக்கூடியவர் அவர். இத்தனை காலமாக விளக்குப் பிடித்தவள் ஒரே நொடியில் கையை மறக்கமாட்டாள். அந்த அசைவில் தயக்கமே இல்லை. பழகின கை. இங்கே பழகவில்லை என்றால் வேறு எங்கேயோ பழகியிருக்கிறது.

எங்கே?

புதன்கிழமை மாலைகளில் அவருக்கு அவசர அழைப்பு முறை. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அவர்தான் ஓடவேண்டும். அந்த மாலைகளில் மனைவி தம்பி கடைக்குப் போவாள். "துணி பிரிச்சுக் கொடுக்கணும், பாவம் தனியா கஷ்டப்படறான்" என்பாள். அந்தப் புதனன்று வந்த அழைப்பு, கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்திலிருந்து. யாரோ லிஃப்ட் கதவிடுக்கில் குடையைச் செருகியிருந்தார்கள். குடையை உருவினார். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். கால்கள் கடைப்பக்கம் நடந்தன.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசை வரிசையாகத் தொங்கின, தலையில்லாத கனவான்களின் கூட்டம்போல. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், இஸ்திரி மேஜையில், பகடை உருளும் சத்தம்.

"வானத்துல ஒரு விரிசல் விழுது" என்றது மைத்துனனின் குரல். "விரிசலுக்கு அந்தப் பக்கம் இரும்புச் சட்டம். இப்போ புரியுதா? இத்தனை நாள் சூரியன் சூரியன்னு கும்பிட்டோமே, அது ஒரு விளக்கு. கப்பல்காரன் மாட்டின விளக்கு."

கோட்டுகளுக்கு நடுவே நின்றவருக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, விமரிசனம். வானம் பிளக்கிற இடத்தை இவ்வளவு அவசரமாகவா சொல்வது? இடி முழக்கம் எங்கே? பிறகுதான் உறைத்தது. அது அவருடைய வானம்.

ஆறுகள் அவருடையவை. குகை அவருடையது. அரண்மனைக் கதவில் மர ஆணிவரை அவருடையது. எல்லாவற்றையும் மைத்துனன் அப்படியே தூக்கி ஓர் இரும்புச் சட்டிக்குள் போட்டு மூடியிருந்தான்.

"அப்போ டிராகன்?" என்று கேட்டார் டிரைவிங் டீச்சர்.

"டிராகன் எங்க இருக்கு? கப்பலோட கொதிகலனைச் சுத்தம் பண்ற மெஷின் அது. வழி தப்பி நம்ம குகைக்குள்ள பூந்துடுச்சு."

தூக்குக்குண்டு பக்கத்தில் தொங்கிய யாருடைய கோட்டையோ பிடித்துக்கொண்டார். செதில் செதிலாக வளர்த்த பிள்ளை. அதைத் துடைப்பமாக்கிவிட்டார்கள்.

"என் கையால அதை அடிக்கறேன்" என்றாள் மனைவி.

"எந்தக் கை அக்கா?"

"இடது கைதான். கப்பல்ல பண்ணிக் கொடுத்தாங்களே, இரும்புக் கை. சுண்டு விரல் மட்டும் கிர்ருனு ஒரு சத்தம் போடுது. மத்தபடி அருமை."

பகடை உருண்டது. இருபது. மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவருடைய மேஜையில் அந்தச் சிரிப்பைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. அது அவருடைய வீட்டிலிருந்து, அவருக்குத் தெரியாமல், உறை போட்டு இங்கே எடுத்துவரப்பட்டிருந்தது.

"இப்போதான் முக்கியமான கட்டம்" என்றான் மைத்துனன். "மேலிருப்பவர் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா? சாமியும் இல்ல, பூதமும் இல்ல. கப்பலோட மெக்கானிக்."

டீச்சர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அட கடவுளே!"

"அதேதான். அவர் இப்போ ஏணியில கீழ இறங்கி வரார். அக்கா, உன் புதுக் கையைக் காட்டறியா?"

"ஐயோ, வேண்டாம்" என்றாள் மனைவி. "ஒளிச்சு வெச்சுக்கறேன். அவர் பாத்தா கழட்டிடுவார்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. சிரித்திருந்தால் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்போது அவர் சட்டைப்பையில் அவசர அழைப்பு போன் அலறியது. கோட்டுகள் சலசலத்தன. தோளில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு மேலிருப்பவர் வெளியே வந்தார்.

மைத்துனனுக்குத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "அத்தான்... துணி வாங்க வந்தீங்களா?"

"ஆமா. என் டிராகனை உன்கிட்ட வெளுக்கப் போட்டிருந்தேனாம். சாயம் மொத்தமும் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"அண்ணே, நான் சும்மா பின்சீட்டுலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார் டீச்சர். "ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல."

"தாடியை எடுத்துட்டுப் பேசுங்க மந்திரவாதி."

மைத்துனன் கையைப் பிசைந்தான். "உங்க உலகம் அவ்வளவு நல்லா இருந்தது அத்தான். புதுசா ஒண்ணு கட்ட எனக்கு வரலை. அதான்..."

"திருடினவன் பாராட்டறான். கேட்டுக்கோங்க." மனைவியின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளா?"

அவள் பகடையைக் கீழே வைக்கவில்லை. "நீங்க திருகாணிச் சபதம் போட்ட அடுத்த வாரத்துலேருந்து."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லாம என்ன? கேட்டேனே. மந்திரம் கேட்டேன். மரக்கை கேட்டேன். சட்டம்னீங்க."

"அதுக்காகவா இப்படி? விளையாட்டுக் கைதானே அது?"

"விளையாட்டுக் கைதானே" என்றாள் அவள். "அப்புறம் ஏன் கொடுக்கலை?"

போன் அலறிக்கொண்டே இருந்தது.

"யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க. போகணும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷட்டருக்கு வெளியே போனார். பிளாஸ்டிக் உறை தெருமுனைவரை அவரோடு போனது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு அத்தியாவசியப் பொருட்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. "பால் தீர்ந்துடுச்சு." "சரி." "சாவி எங்க?" "ஆணியில." வேலையிடத்தில் அவர் முகத்தைப் பார்த்த சக ஊழியன், "என்னப்பா, குண்டு ரொம்பக் கீழ இறங்கிடுச்சு?" என்று கேட்டு, பதில் வராததால் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து அவர் துரோகங்களை எடைபோட்டார். மைத்துனன் செய்தது திருட்டு. அதற்கு மன்னிப்புக் கிடையாது. டீச்சர் செய்தது உடந்தை, அதற்கும் கிடையாது. டிராகன் விஷயம் பேசவே கூடாதது. எல்லாம் சரியாக எடை நின்றன. மனைவி சொன்ன ஒன்று மட்டும் தராசிலேயே ஏற மறுத்தது: அவர் பாத்தா கழட்டிடுவார். அபாண்டம் என்று சொல்லிப் பார்த்தார். எத்தனை முறை சொன்னாலும், கையில் ஸ்பேனரோடு ஏணியில் இறங்குகிற ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிந்தான். அவன் தலையில் மஞ்சள் தொப்பி. அவன் கழற்றத்தான் போகிறான். சட்டப்படி கழற்றித்தான் ஆகவேண்டும் என்று பிஸ்கட் டின் குரலில் சொல்லவும் போகிறான்.

இப்படி ஒருவனுக்குப் பயந்து மனைவி கையை ஒளிக்கிறாள் என்றால், துரோகம் செய்தது யார் என்ற விசாரணை வேறு பக்கம் போகிறது. அந்தப் பக்கம் போக அவருக்கு விருப்பமில்லை. எழுந்து, கிரீஸ் போட வேண்டியதில்லாத இடத்தில் கிரீஸ் போட்டார்.

ஞாயிறு வந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று அவர் நினைத்தார். ராஜ்ஜியம் மூடப்பட்டிருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனாலும் வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. டீச்சர் செருப்பைக்கூட நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மைத்துனன் வாசலிலேயே நின்றான்.

மேஜை துடைக்கப்பட்டிருந்தது. பகடை நடுவில் இருந்தது.

"அத்தான், வேணும்னா அந்த விண்கப்பலை மொத்தமா எரிச்சுடறேன்."

"எரிக்கறதுக்கு அது என்ன, நீ இஸ்திரி போட்ட சட்டையா? உட்காரு."

அவன் உட்கார்ந்தான். அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. அன்று முழுக்கத் திரும்பவில்லை. நெடுநாளைக்குத் திரும்பப்போவதும் இல்லை.

மனைவி கடைசியாக வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவள்போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஆத்தங்கரை" என்று ஆரம்பித்தார் அவர். "அதே இடம். ஓநாய்ங்க சுத்தி நிக்குது. மேல டிராகன் பறக்குது. அது டிராகன்தான். அந்தப் பேச்சே வேண்டாம்."

"வேண்டாம், வேண்டாம்" என்றார்கள் மந்திரவாதியும் வீரனும் ஒரே குரலில்.

"மழை பிடிச்சுக்கிச்சு. நல்ல மழை."

"நான் விளக்கைப் பிடிச்சுக்கறேன்" என்றாள் மனைவி, மேஜையைப் பார்த்தபடி.

அவர் பகடையை எடுத்து, உருட்டாமல், தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"மழையில நனைஞ்சா துரு பிடிக்கும்" என்றார்.

"விளக்கா?"

"கை."

டீச்சரின் கால் பிரேக்கைத் தேடியது. கிடைக்கவில்லை.

"இரும்புதானே?" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "மணிக்கட்டுல ஒரு திருகாணி தளர்ந்திருக்கு. சுண்டு விரல் சத்தம் போடறது அதனாலதான். முறுக்கிக்கோ. அப்புறம் வில்லை எடு."

கைப்பை திறக்கும் சத்தம். கண்ணாடிக் கடையில் பயன்படுத்தும் குட்டி ஸ்க்ரூடிரைவரை அவள் வெளியே எடுத்தாள். இடது மணிக்கட்டுக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றில், அதை வைத்து மெல்லத் திருப்பினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

மோட்டாரைக் கேட்பதுபோல அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் அரைச் சுத்து" என்றார்.